பீப் சத்தமும் விசிலும்

என் தங்கை காரில் சுங்கச்சாவடி டேக்கை ஒட்டிக்கொண்டது நேரத்தை மிச்சம் பிடிக்க அல்ல. நிறுத்துவதற்குப் பயந்து.

அவள் பெங்களூரில் இருந்தாள். நாற்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள். ஓடுகிற வண்டியை நன்றாகவே ஓட்டுவாள். நிறுத்தி மறுபடி கிளப்பும்போதுதான் சிக்கல். கிளட்ச்சைச் சட்டென்று விட்டுவிடுவாள், வண்டி அணைந்துபோகும். பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் இரண்டாம் முறையும் அணையும். ரிவர்ஸ் எடுப்பது அதைவிடப் பயம். உயரமும் குறைவு என்பதால் சாவடி ஜன்னலுக்குக் கை எட்டாது. அவர்கள் வீட்டுப் பக்கத்து மேம்பாலச் சாவடியில் டேக் வந்தது தெரிந்ததும் முதல் ஆளாக வாங்கிவிட்டாள். தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளை டப்பா, முன்கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டியிருக்கும். கிட்டே போனால் ‘பீப்’ என்று ஒரு சத்தம், வழியை மறித்திருக்கும் கட்டை தானாக மேலே போகும். நிறுத்த வேண்டாம், கை நீட்ட வேண்டாம்.

2011இல் அவளுக்கு ஒரு வேலை வருவதாக இருந்தது. தையல் பயிற்சி கொடுக்கும் ஒரு நிறுவனம், ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள கிளைகளை வாரத்துக்கு இரண்டு முறை பார்த்துவர ஆள் தேடியது. சொந்தமாகக் கார் ஓட்டிப் போகவேண்டும் என்பது நிபந்தனை. பிள்ளைகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்ட வீட்டில் அவள் அந்த வேலைக்காக எவ்வளவு ஏங்கினாள் என்பது எனக்குத் தெரியும்.

அவள் வீட்டுக்காரருக்கு இஷ்டமில்லை. நல்ல மனிதர்தான். அவருடைய அக்கா ஸ்கூட்டரில் போகும்போது லாரி மோதி இறந்துபோனார். அதிலிருந்து வீட்டில் யார் வண்டி எடுத்துக்கொண்டு போனாலும், அவர்கள் திரும்பும்வரை இவர் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருப்பார். ஆனால் பயத்தைப் பயமாகச் சொல்லத் தெரியாது, கேலியாகத்தான் வரும். எங்கள் அப்பா கடலூர்–சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். தங்கை வீட்டுக்காரர் அதை வைத்தே பேசுவார்.

“கண்டக்டர் பொண்ணு டிக்கெட் கிழிக்கட்டும், வாணாங்கல. டிரைவர் சீட்டு எதுக்கு?”

நான் ஒரு வேலையாகப் பெங்களூர் போய் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். மூன்று பேரும் சேர்ந்து கடலூருக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. கிளம்புவதற்கு முந்தின நாள் சாப்பிடும்போது அவரே ஒரு பந்தயம் வைத்தார். கடலூர் முதுநகரில் என் வீட்டு வாசல் வரைக்கும் அவள் ஓட்டவேண்டும். நடுவில் ஸ்டியரிங்கை அவரிடமோ என்னிடமோ கொடுத்தால் வேலைப் பேச்சை விட்டுவிட வேண்டும். கொடுக்காமல் வந்து சேர்ந்தால் அவர் மறுபேச்சுப் பேசமாட்டார். வழியில் வாயே திறக்கமாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னார். அதை நாங்கள் இருவருமே நம்பவில்லை.

காலையில் கண்ணாடிகளைத் துடைத்து, டயரில் காற்று பார்த்து, தண்ணீர் பாட்டில்களை உருளாதபடி செருகிவைத்தேன். எனக்கு அப்படிச் செய்யாமல் வண்டியில் ஏற முடியாது. அவர் பின் சீட்டில் பேப்பரை விரித்துக்கொண்டார். மேம்பாலச் சாவடியில் பீப் என்றது, கட்டை எழுந்தது. தங்கை என்னைப் பார்த்துச் சிரித்தாள். பின்னால் பேப்பர் புரளும் சத்தம் மட்டும் கேட்டது.

ஓசூர் தாண்டி வந்த சுங்கச்சாவடியில் ஒரு வரிசைக்கு மேல் டேக் படம் போட்டிருந்தது. அவள் தயங்காமல் அதில் நுழைந்தாள். எங்கள் மூவரில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. டேக் என்றால் டேக்தானே.

பீப் சத்தம் வரவில்லை. கட்டை அசையவில்லை. வண்டி அணைந்தது.

சீருடை போட்ட ஒருவர் வந்து கண்ணாடியைப் பார்த்தார். “இது பெங்களூர் டேக்கும்மா. இங்க எடுக்காது. எங்க டேக் வேற” என்றார். பணமாகக் கொடுத்துவிடுகிறோம் என்றேன். இந்த வரிசையில் ரசீது போடும் மெஷின் இல்லையாம், பின்னால் எடுத்துப் பக்கத்து வரிசைக்குப் போகவேண்டும் என்றார். இரண்டு மாநிலத்துக்கும் ஒரே டேக் என்பது அப்போது கிடையாது. அந்தந்தக் கம்பெனிக்கு அந்தந்த டேக். அது எங்களுக்கு அந்த இடத்தில்தான் தெரிந்தது.

பின்னால் ஒரு வேன் ஒட்டினாற்போல் நின்றது, அதற்குப் பின்னால் ஒரு லாரி. ஹாரன் சத்தம் தொடங்கியது. இரு பக்கமும் சிமெண்டுக் கட்டைகள், நடுவில் கார் நுழையும் அகலம்தான். பின் சீட்டில் பேப்பர் மடிக்கப்பட்டிருந்தது. அவர் கதவுப் பிடியில் கை வைத்திருந்தார், ஆனால் பேசவில்லை. அந்த நேரத்தில் அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் இறங்கியிருப்பாள்.

நானே கேட்டேன், ஓட்டட்டுமா என்று.

“வாணாண்ணே. நீ கீழ எறங்கி அப்பா மாதிரி விசிலு குடு.”

சிறுவயதில் பள்ளிக்கூட விடுமுறையில் அப்பாவின் பஸ்ஸில் ஏறிக்கொண்டு சிதம்பரம் போவோம். அங்கே பஸ் நிலையத்தில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அப்பா கீழே நின்று விசில் கொடுப்பார். விட்டுவிட்டுச் சின்னச் சின்னதாக வந்தால் வா. நீளமாக ஒன்று வந்தால் நில். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார், காதால்தான் ஓட்டுவார். வீட்டுக்கு வந்து நாங்கள் அதையே விளையாடுவோம். அவள் முறத்தை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்து வருவாள், நான் விசில் கொடுப்பேன்.

இறங்கி, வேன்காரரிடமும் லாரிக்காரரிடமும் கும்பிட்டுக் கேட்டு இரண்டையும் பின்னால் போகச் செய்தேன். பிறகு விரலை மடித்து வாயில் வைத்தேன். நாற்பத்தெட்டு வயதில், இஸ்திரி போட்ட சட்டையோடு, நெடுஞ்சாலையில் நின்று. முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை விசில் வந்தது.

வண்டி கிளம்பியது. அணையவில்லை. அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை, கழுத்தைத் திருப்பவும் இல்லை. என் விசிலுக்குத் தக்கபடி மெதுவாக, நேராக வந்தாள். இடது பக்கம் சிமெண்டுக் கட்டையை நெருங்கியபோது நீளமாக ஒன்று கொடுத்தேன், நின்றாள். கொஞ்சம் முன்னே போய்ச் சரிசெய்து மறுபடி வந்தாள். லாரிக் கிளீனர் கதவில் தட்டிச் சிரித்தான். ஹாரன் எப்போது நின்றது என்று தெரியவில்லை.

பக்கத்து வரிசையில் கை எட்டாமல், கதவைத் திறந்து காலை ஊன்றிப் பணத்தைக் கொடுத்தாள். மறுபடி கிளப்பும்போது ஒரு முறை அணைந்தது.

திருவண்ணாமலை தாண்டி டீ குடிக்க நிறுத்தியபோதுதான் அவர் வாய் திறந்தார். மச்சான் விசில் கொடுத்தது பந்தயத்தில் சேருமா, சேராதா என்று கேட்டார். குரலில் கேலிதான், முகத்தில் அது இல்லை.

தங்கை டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: “கண்டக்டர் இல்லாம எந்த டிரைவரு ரிவர்ஸ் எடுக்குறாருங்க?”

அவர் டீக்குக் காசு கொடுக்கப் போய்விட்டார்.

பண்ருட்டி வழியாகக் கடலூருக்குள் வந்தோம். முதுநகரில் எங்கள் தெரு முட்டுச்சந்து. திரும்ப இடமில்லாததால் வண்டியை ரிவர்ஸிலேயே உள்ளே கொண்டுபோக வேண்டும். தெருமுனையில் நான் கதவைத் திறந்தேன்.

“நீங்க ஒக்காருங்க மச்சான்” என்று அவர் இறங்கினார்.

விசில் அடிக்கப் பார்த்தார், வரவில்லை. உள்ளங்கையால் டிக்கியில் தட்ட ஆரம்பித்தார். தட்டத் தட்ட அவள் வந்தாள். எங்கள் வீட்டு வாசலில் பலமாக ஒன்று தட்டினார், வண்டி நின்றது. தெருவில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள்.

அடுத்த மாதமே வேலையில் சேர்ந்தாள். பிறகு நான் பெங்களூர் போனபோது முன்கண்ணாடியில் இரண்டு வெள்ளை டப்பாக்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தன. இரண்டாவது தமிழ்நாட்டுப் பக்கத்துக்கானது. அவரே கிருஷ்ணகிரி வரை போய் வாங்கி வந்து ஒட்டினாராம், கொஞ்சம் கோணலாக.