பெசமினோ எடுத்த பாய்

பெசமினோ என் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தவர். சவாயித் தீவில், எங்கள் ஊரில், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வராத ஒரே ஆள் அவர்தான். நான் பாடகர் குழுவில் பாடுகிறவள். ஆனாலும் அவரைப் போல இயேசு சொன்னபடி நடந்தவரை நான் பார்த்ததில்லை.

முன்பு அவரும் வந்துகொண்டுதான் இருந்தார். காணிக்கை கொடுத்தவர்களின் பெயரைப் போதகர் சத்தமாக வாசிப்பது எங்கள் வழக்கம். ஒருநாள் இவர் எழுந்து, "இடது கைக்குத் தெரியாமக் குடுன்னு இயேசு சொல்லியிருக்காரே ஐயா, நீங்க ஊருக்கே சொல்றீங்களே," என்று கேட்டார். கோபமில்லை, சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார். போதகர் அடுத்த பெயரை வாசிக்கத் தொடங்கினார். அடுத்த வாரத்திலிருந்து பெசமினோ வரவில்லை. அவர் வீட்டுக் கல்லடுப்பில் வெந்த சேம்பங்கிழங்கும் ஈரப்பலாவும் போதகர் வீட்டுக்குப் போவதற்குப் பதிலாகக் கண் தெரியாத லூசெயா வீட்டுக்குப் போயின.

கோயிலுக்கு வராததற்கு ஊர்ச்சபை அபராதமாகப் பன்றி கேட்டது. கொடுத்தார். மறுபடி கேட்டது. அதையும் கொடுத்தார். கடைசியில் சபையின் மூத்தவர் துவாலா வந்து, "இந்த ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வரணும். இல்லைன்னா திங்கக்கிழமை உன்னை ஊரைவிட்டு அனுப்ப வேண்டியதுதான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை துவாலாவின் மகன் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பெசமினோவின் மனைவி சவுனிமாவை இடித்துவிட்டான். அவளுக்குக் கால் முறிந்தது.

சனிக்கிழமை விடியும்போது துவாலா குடும்பத்தோடு வந்து, பெசமினோ வீட்டு முன்னால் தரையில் உட்கார்ந்து, நேர்த்தியான பாய் ஒன்றைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டார். தப்பு செய்தவர்கள் அப்படித்தான் செய்யவேண்டும். அடிபட்டவர் வீட்டார் வந்து பாயை எடுத்தால் மன்னிப்பு. எடுக்காதவரை வெயிலானாலும் மழையானாலும் அசையக்கூடாது.

சவுனிமாவின் தம்பி வாசலை மறித்துக்கொண்டான். "அவசரப்படாதீங்க மச்சான். மத்தியானம் வரைக்கும் காயட்டும்."

"அவருக்கு முட்டி வலிடா."

"உங்களைத் துரத்த வந்தப்போ அந்த முட்டி நல்லாத்தானே நடந்துச்சு? ஊரைவிட்டு அனுப்பற பேச்சை விடறேன்னு அவரு சொல்லட்டும், அப்புறம் பாயைத் தொடுங்க."

வேலியோரம் நின்ற நானும் அதையே நினைத்தேன். பெசமினோ அதைக் கேட்டுவிடவேண்டும் என்று ஜெபம்கூடச் செய்தேன்.

பெசமினோ மனைவியைப் பார்த்தார். கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்த அவள், "போய் எடுங்க. அங்க குழந்தைங்களும் உக்காந்திருக்கு," என்றாள்.

"மன்னிக்கிறதுக்கு வெலை வைக்கச் சொல்லி இயேசு சொல்லலையே மாப்ளே," என்று மைத்துனனை மெதுவாக விலக்கிவிட்டுப் போனார் பெசமினோ. பாயை எடுத்து மடித்தார். துவாலாவின் முகமெல்லாம் வியர்வை. "உள்ள வாங்க பெரியவரே, கோகோ ஆறுது."

துவாலா உட்கார்ந்து குடித்தார். "திங்கக்கிழமை விஷயமா ஏதாவது கேக்கணுமா?"

"அது திங்கக்கிழமைப் பேச்சு. ரொட்டி எடுத்துக்குங்க."

மறுநாளும் பெசமினோ கோயிலுக்கு வரவில்லை. திங்கட்கிழமை சபையில் துவாலா அவருக்காக வெகுநேரம் பேசினாராம். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "இவனை விட்டா அடுத்த ஞாயித்துக்கிழமை பாதி ஊரு மீன் பிடிக்கப் போயிடும்," என்றார்களாம். பெசமினோ போகவேண்டும் என்று முடிவாயிற்று.

ஓடைக்கு அந்தப் பக்கம், ஊர் எல்லை முடிகிற இடத்தில், துவாலா தன் குடும்ப நிலத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தார். சவுனிமாவை அவர் மகன் முதுகில் சுமந்துகொண்டு ஓடையைக் கடந்தான். பெசமினோவின் வீட்டைப் பிரித்து, அதன் தூண்களை நாங்கள் ஆளுக்கொன்றாகத் தூக்கிப் போனோம். துவாலாவும் ஒன்றைத் தூக்கினார். எல்லைக் கல்லருகே சபை ஆட்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். தலையைத் திருப்பிக்கொண்டார்களே தவிர, எங்களை யாரும் தடுக்கவில்லை.