படகிலிருந்து அழைப்பு இல்லை

சென்ற மழைக்காலத்தில் ஒரு காலை. ஆவடி, திருநின்றவூர்ப் பக்கமெல்லாம் வெள்ளம். செல்போன் எதுவும் வேலை செய்யவில்லை. மீட்புக்குப் போன தன்னார்வலர்களின் வாக்கிடாக்கிகளுக்காக அயனம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடியின் மேல்தளத்தில் ரிப்பீட்டர் வைத்திருந்தோம். தூரத்துக் குரலை வாங்கி உரக்கத் திருப்பி அனுப்பும் பெட்டி அது. கல்லூரியில் படிக்கும் என் மகன் திருநின்றவூர்ப் படகில் இருந்தான்.

வயர்லெஸ் கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். நான் போய்ச் சேர்வதற்குள் ஒருவர் டூப்ளெக்சரின் திருகுகளைத் திருப்பியிருந்தார். ஒரே ஆன்டெனாவில் போகிற அலையையும் வருகிற அலையையும் பிரித்து வைக்கும் உலோகக் குழாய்கள் அவை.

"யக்கா, மீட்டர பாரு, ஃபுல்லா கீது! இனிமே திருநின்றவூர் இன்னா, திருவள்ளூருக்கே கேக்கும்."

மீட்டர் காட்டுவது போகிற அலையை மட்டும்தான். பிரிப்பு கெட்டால் பெட்டி தன் சத்தத்திலேயே செவிடாகிவிடும். ஸ்பீக்கரில் 'டக் டக்' என்று ஏதோ துண்டு துண்டாக விழுந்துகொண்டிருந்தது. மழை என்றார்கள். பவரைக் குறைத்தால் அந்தச் சத்தம் அடங்கும், குறைத்துப் பார்ப்போம் என்றேன்.

"கொறைச்சா எப்பிடிம்மா கேக்கும்? படிச்சவங்க பேசுற பேச்சா இது?" என்றார் மீட்புக் குழுவின் பொறுப்பாளர். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மைக்கை எடுத்து, "திருநின்றவூர் போட்லேர்ந்து யாரும் கூப்புடல. அங்க ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்று அறிவித்தார்.

மனசு கேட்காமல் நானும் மைக்கை வாங்கி, "சாப்பிட்டியாடா?" என்றேன். பதில் இல்லை. டக் டக்.

அவர்கள் டீ வாங்கத் திரும்பிய நேரம் பவரைக் குறைத்துவிட்டேன். உடனே அந்த 'டக் டக்' ஒன்றுசேர்ந்து என் மகன் குரலானது: "ஆக்சிஜன் சிலிண்டர் வேணும்... யாருக்காச்சும் கேக்குதா?" அழுதுகொண்டிருந்தான். அங்கே ஒரு வீட்டு மாடியில் சிக்கிய பெரியவர் ஒருவருக்கு ஆக்சிஜன் தீர்ந்துகொண்டிருந்தது. சிலிண்டர்கள் நாங்கள் இருந்த அடுக்குமாடியின் வாசலில் நின்ற வேனிலேயே இருந்தன. அது போய்ச் சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை.

தண்ணீர் வடிந்ததும் பாராட்டு விழா வைத்தார்கள். திருகைத் திருப்பியவருக்கும் பொறுப்பாளருக்கும் பொன்னாடை. நடந்ததைச் சொல்ல எழுந்தேன். "நல்ல நாளும் அதுவுமா எதுக்கும்மா அதெல்லாம்?" என்று உட்காரவைத்துவிட்டார்கள்.

மகன் விழாவுக்கு வரவில்லை. அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினான்: "நீங்க பேசினது எல்லாமே எங்களுக்குக் கேட்டுச்சும்மா. நீ சாப்பிட்டியான்னு கேட்டது அந்தத் தாத்தாவுக்கும் கேட்டுச்சு."

இப்போதும் அவன் வெளியே போய் போன் வராவிட்டால், ஏதாவது என்றால் சொல்லியிருப்பானே என்று வீட்டில் தேற்றுகிறார்கள். சொல்லிக்கொண்டேதான் இருக்கிறானோ என்று நான் போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.