அந்த ஒரு பரிசோதனை

புத்தலப்பட்டில் சாமந்தி பயிரிடும் தனபாக்கியத்தின் மகள் கௌசிகாவுக்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் வாதநோய். முதல் ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்தது. என்றாவது மாறிவிடாதா என்ற ஏக்கத்தில், திருப்பதி ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் அதையே மறுபடி எடுக்கச் சொல்வாள் தனபாக்கியம்.

இந்த முறை டாக்டரம்மா மறுத்தார். "நோவு ஏறிச்சா எறங்கிச்சான்னு அது சொல்லாதும்மா. காலையில கொழந்தை எப்படி எழுந்து நடக்குதுன்னு பாருங்க. மருந்து ஒடம்புக்கு ஒத்துக்குதான்னு பார்க்கிற டெஸ்ட் மட்டும் அப்பப்போ எடுப்போம்."

"இன்னிக்கு ஊசி இல்லியாம்மா?" என்றாள் கௌசிகா.

"இல்ல கண்ணு," என்றார் டாக்டரம்மா.

பஸ்ஸில் மகள் சிரித்துக்கொண்டே வந்தாள். தனபாக்கியத்துக்கோ, காத்திருந்த நல்ல சேதி இனி வரவே வராது என்று தோன்றியது. மறுநாள் விடிந்ததும், மகள் தரையில் கால் ஊன்றுவதைப் பார்க்கக் கட்டிலருகே போய் உட்கார்ந்தாள்.