சிவப்பில் நின்ற எங்கள் பள்ளி

மாவட்டக் கல்வி இலாகாவின் கூட்ட அறையில் அன்று குளிர் அதிகமாக இருந்தது. திரையில் பள்ளிகளின் பெயர்கள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறங்களில் வந்தன. எங்கள் பள்ளியின் பெயர் சிவப்பில் இருந்தது. மாநிலம் நிர்ணயித்த வாசிப்புத் தரத்தை எங்கள் மாவட்டம் எட்டவில்லை. மேலிடம் மாவட்டத்திடம் விளக்கம் கேட்டது. மாவட்டம் எங்களிடம் கேட்டது. சிவப்புப் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் எழுந்து நிற்க வேண்டும் என்றார் மாவட்டத் தலைமை அதிகாரி. எங்கள் தலைமையாசிரியர் எழுந்தபோது பக்கத்தில் இருந்த நானும் எழுந்துவிட்டேன். என்னை யாரும் எழச் சொல்லவில்லை. ஆனால் வாசிக்கத் தெரியாத அந்த மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் என் வகுப்புப் பிள்ளைகள்.

எங்கள் தமிழ்ப்பள்ளி எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. தோட்டத்தில் இப்போது தமிழர்கள் அதிகம் இல்லை. சுற்றியுள்ள வீடமைப்புப் பகுதிகளிலிருந்து வேனில் வரும் பிள்ளைகளால்தான் பள்ளி நடக்கிறது. கூட்டம் முடிந்த மறுவாரமே உத்தரவுகள் வரத் தொடங்கின. மாலையில் கூடுதல் வகுப்பு, வாரந்தோறும் ஒரு சோதனை, வாரந்தோறும் அறிக்கை. பிள்ளைகள் வாசிப்பதைப் படம் எடுத்து வாட்சப் குழுவில் போட வேண்டும். படம் தாமதமானால் குழுவிலேயே பள்ளியின் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையின் கையில் கதைப் புத்தகத்தைக் கொடுத்துச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்த காலை நேரங்கள் எத்தனையோ. அடுத்த பெரிய சோதனையிலும் தரம் எட்டாவிட்டால் வகுப்பாசிரியரை வேறு மாவட்டத்துக்கு மாற்றுவார்கள் என்ற பேச்சும் வந்தது. என் கணவருக்கு அப்போதுதான் இதய அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. அந்தப் பேச்சை நான் வீட்டில் சொல்லவில்லை.

சிவப்புப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிகாரியைப் போட்டார்கள். எங்களுக்கு வந்தவர் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். தஞ்சோங் கிளிங்கில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். நல்ல ஆசிரியை என்று பெயர் எடுத்து, சீக்கிரமே இலாகாவுக்குள் போனவர். அடுத்து ஏதாவது ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வருவார் என்று எல்லாரும் சொன்னார்கள். வகுப்பின் பின்வரிசையில், பிள்ளைகளின் சின்ன நாற்காலியில் முழங்காலை ஒடுக்கி உட்கார்ந்து குறிப்பு எடுப்பார். கடிந்து பேச மாட்டார். சுவரில் எழுத்து அட்டைகள் உயரமாக இருக்கின்றன, கேள்விகள் எப்போதும் முன்வரிசைக்கே போகின்றன என்று மெல்லிய குரலில் சொல்வார். அவர் சொன்னது சரியாக இருந்ததுதான் எனக்கு இன்னும் வலித்தது.

ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. மார்க்கர் பேனாவை அவர் முன்னால் நீட்டினேன்.

"ஒரு பாடம் நீங்க எடுங்க மேடம். நான் பின்னால உக்காந்து பாக்குறேன்."

வாசலில் நின்ற தலைமையாசிரியரின் முகம் வெளுத்துவிட்டது. அதிகாரி பேனாவை வாங்கிக்கொண்டார். நன்றாகத்தான் தொடங்கினார். பாட்டு, கைதட்டல் எல்லாம் இருந்தன. புத்தகத்தைத் திறந்ததும் வகுப்பு அவர் கையை விட்டுப் போனது. ஒருவன் மேசைக்குக் கீழே போனான். இருவர் எழுத்தைப் பார்க்காமல் மனப்பாடமாக ஒப்பித்தார்கள். ஒரு சிறுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

அந்தச் சிறுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய அப்பா சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் ஒப்பந்த வேலை பார்த்தார். அம்மா விடியும் முன்பே தொழிற்சாலை பஸ் ஏறிவிடுவார். பேச்சில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. வேன் பழுதானது, பக்கத்து வீட்டுப் பூனை காணாமல் போனது என்று எதையும் கதையாகச் சொல்வாள். ஏட்டில் அதே சொற்களைக் காட்டினால் வாய் அடைத்துவிடும். வாராந்தரச் சோதனைகள் வந்த பிறகு, சோதனை நாளென்றால் காலையிலேயே வயிற்று வலி வந்துவிடும்.

பாடம் முடிந்ததும் அதிகாரி போய்த் தன் காரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். என்மேல் புகார் எழுதுவார் என்றே நினைத்தேன். அடுத்த வாரம் குறிப்பேடு இல்லாமல் வந்தார். வாசிக்கவே வராத பிள்ளைகளைத் தன்னிடம் விடும்படி கேட்டார். இலாகாவுக்குப் போகும் முன் காலை முதல் பாடவேளையில் வந்து, சிற்றுண்டிச்சாலையின் ஓரத்தில் அவர்களை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். எங்களுக்குள் சண்டையும் வந்தது. எழுத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பார் அவர். சொல்லிலிருந்து என்பேன் நான். அந்தச் சிறுமி பூனைக் கதையைச் சொல்லச் சொல்ல அவர் எழுதி, அவள் சொன்ன சொற்களையே அவளுக்குக் காட்டினார். சில நாள் 'பூனை' என்று வாசிப்பாள். மறுநாள் தெரியாது என்பாள்.

பெரிய சோதனை வந்தது. சிலர் தேறினார்கள். பலர் தேறவில்லை. சிறுமி தாளைத் தொடவே இல்லை.

மறுபடியும் அதே கூட்ட அறை. எங்கள் பெயர் மறுபடியும் சிவப்பில் வந்தது. வகுப்பாசிரியர் யார் என்று தலைமை அதிகாரி கேட்டார். எழுந்து நின்றேன். எதிர்வரிசையில், இலாகா ஆட்கள் இருந்த பக்கத்தில், எங்கள் பள்ளிக்கு வந்த அதிகாரியும் எழுந்தார். மலாய் மொழியில்தான் பேசினார். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "அந்த வகுப்பில் நானும் பாடம் எடுத்தேன். என்னாலும் முடியவில்லை. டீச்சரின் பெயரை எழுதினால் பக்கத்தில் என் பெயரையும் எழுதுங்கள்."

தலைமை அதிகாரி கெட்ட மனிதர் அல்லர். அவரையும் மேலே ஒருவர் எழுப்பி நிற்க வைத்திருக்கக்கூடும். அப்படியானால் என்னதான் வேண்டும் என்று கேட்டார். படங்களை நிறுத்துங்கள், வாரச் சோதனையை நிறுத்துங்கள், பின்தங்கிய பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கு ஒரு குறைநீக்கல் ஆசிரியரைத் தாருங்கள் என்றார் எங்கள் அதிகாரி. படங்கள் நின்றன. சோதனை மாதத்துக்கு ஒன்றானது. ஆசிரியர் வரவில்லை. என்னை மாற்றவும் இல்லை.

அன்று கூட்டம் முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் அவரைத் தேடிப் பிடித்து நன்றி சொல்ல முயன்றேன்.

"ஒன்னும் சொல்லாதீங்க டீச்சர். நாளைக்குப் பிள்ளைங்களப் பாக்க வரேன்லா," என்று கார்க் கதவைத் திறந்தார்.

ஆண்டு முடிவில் அவரை இலாகாவிலிருந்து நகரத்துப் பள்ளி ஒன்றுக்கு வகுப்பாசிரியையாக அனுப்பினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. தலைமையாசிரியைப் பதவியைப் பற்றிய பேச்சு அதன் பிறகு எழவே இல்லை.

அடுத்த ஆண்டு எங்கள் பள்ளி பச்சைக்கு வந்தது. நாங்களும் உழைத்தோம், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சிறுமியின் குடும்பம் அதற்கு முன்பே சுங்கை ரம்பாய்ப் பக்கம், அவளுடைய தாய்மாமன் வீட்டோடு போய்விட்டது. எங்கள் பள்ளி சிறியது. வாசிக்காத ஒரு பிள்ளை குறைந்தாலே சராசரி ஏறிவிடும். கூட்டத்தில் எங்களுக்குக் கைதட்டினார்கள், நற்சான்றிதழ் கொடுத்தார்கள். அன்று மாலை, நகரத்துப் பள்ளிக்குப் போயிருந்த அவர் போன் செய்தார். வாழ்த்தத்தான் என்று நினைத்து எடுத்தேன்.

"அந்தப் பிள்ள இப்ப எங்க டீச்சர்?"

எந்தப் பள்ளி என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாய் கூசியது. வேன்காரரிடம் விசாரித்து, ஒரு சனிக்கிழமை முன்னாள் அதிகாரியின் காரில் இருவரும் போனோம். தாய்மாமன் வீட்டு வாசலில் எங்களைப் பார்த்ததும் சிறுமி உள்ளே ஓடிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"டெஸ்ட்டா டீச்சர்?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"இல்லம்மா. உன்னப் பாக்கத்தான் வந்தோம்," என்றார் அவர்.

அவள் உடனே நம்பவில்லை. அவர் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து கைப்பையைத் தூரத் தள்ளி வைத்தார். நானும் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் வெளியே வந்து, மாமாவின் ஆடு குட்டி போட்ட கதையை ஆரம்பித்தாள். அந்தக் கதை மதியச் சாப்பாடு வரை நீண்டது.

திரும்பும் வழியில், "இப்ப வாசிக்கிறியான்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு டீச்சர்," என்றார் அவர். எனக்கும் வந்திருந்தது. நாங்கள் இருவருமே கேட்கவில்லை.

எங்கள் பள்ளி இன்றும் பச்சையில்தான் இருக்கிறது. கூட்டத்தில் எல்லாரும் கைதட்டும்போது நானும் தட்டுகிறேன். அவள் வாசிக்கிறாளா என்பது இன்று வரை எனக்குத் தெரியாது.