பூக்கட்டி எடுத்த பாடப்புத்தகம்

உளுந்தைக் கையில் அள்ளினால் போதும், புதுசா பழசா என்று சொல்லிவிடுவேன். மிளகாய் வத்தலைக் காதுப் பக்கம் வைத்துக் குலுக்கி, விதைச் சத்தத்தைக் கேட்டே எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பேன். வீட்டுக்காரர் போன பிறகு கோவில்பட்டி பஜாரில் அவர் வத்தல் கடையை நானே நடத்தினேன். மட்டமான சரக்கை என் தலையில் கட்டிவிட்டுப் போனவன் ஒருத்தனும் கிடையாது. அதனால், தம்பி அந்த இரண்டு புத்தகங்களையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "நீயே பார்த்துச் சொல்லுக்கா" என்றபோது எனக்கு அது அதிசயமாகப் படவில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் பொறுக்கி எடுக்கிறது வேறு வித்தை.

தம்பி குடும்பம் என் வீட்டில்தான் இருக்கிறது. அவனுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். ஒன்றரை வயசு வித்தியாசம். மூத்தவள் ஆறாம் வகுப்பு படிக்கையில் பள்ளிக்கூடப் படியில் விழுந்தாள். சாதாரணமாக விழுந்தாள் என்றுதான் எண்ணெய் தேய்த்துவிட்டோம். பிறகு அடிக்கடி விழுந்தாள். மதுரையில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, தசை கரைந்துகொண்டே போகிற நோய், மருந்து கிடையாது, நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். எத்தனை நாள் என்று தம்பி கேட்டதற்கு அவர் பேனாவை மூடி சட்டைப் பைக்குள் சொருகினாராம். அவ்வளவுதான் பதில்.

வகுப்பு ஏற ஏற, பள்ளிக்கூடத்தில் மாடியும் ஏற வேண்டியிருந்தது. ஒரு ஆயாவை வைத்துத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றார்கள். மூத்தவள் ஒத்துக்கொள்ளவில்லை. பத்துப் பேர் பார்க்கத் தூக்கிக்கொண்டு போக நான் என்ன மூட்டையா என்று கேட்டாள். எங்கள் குடும்பத்து ரத்தம், அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளை வீட்டில் வைத்துப் படிப்பிக்கலாம் என்று முடிவாயிற்று. அவள் அம்மா, என் தம்பி பொண்டாட்டி, காலேஜ் முடித்தவள். காலையில் பாடம் நடத்துவாள், மதியத்துக்கு மேல் தையல் மெஷினில் உட்காருவாள்.

ஆனால் மூத்தவள் தனியாகப் படிக்கவில்லை. தங்கச்சி பையைத் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டினதும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிடுவாள். பசிக்கவில்லை என்பாள். அப்படியே தேய்ந்து குச்சியாகப் போனாள். கடைசியில் துணைக்கு ஒரு வருஷம் மட்டும் என்று சின்னவளையும் நிறுத்தினார்கள். அந்த ஒரு வருஷம் போயிற்று. அடுத்ததும் போயிற்று. பள்ளிக்கூடத்துச் சுடிதார், அவள் வீட்டில் போட்டே நைந்து, இப்போது அடுப்படியில் கைப்பிடித் துணியாகக் கிடக்கிறது.

மூத்தவளுக்குக் கணக்கு பிடிக்காது, இங்கிலீசும் கடனே என்றுதான். கல், மண், மலை, பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்கிற பாடம் வந்தால் மட்டும் கண் விரியும். அந்தப் பாடம் எதில் நன்றாக இருக்கிறதோ அந்த வழியில் மற்ற பாடத்தையும் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் அவள் அம்மாதான் சொன்னாள். காலை நேரம் ஒன்றுதான் அவளுக்கு உண்டு. இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு பாடத்திட்டம் என்று அவளால் இழுக்க முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்.

ஒன்று, பிள்ளைகளுடைய தாய்மாமன் வெளிநாட்டிலிருந்து அனுப்பினது. அரிசி மூட்டைக்கு முட்டுக் கொடுக்கலாம், அவ்வளவு தடி. பக்கமெல்லாம் வழுவழுவென்று கலர் படம். கூடவே ஒரு பெட்டி. அதில் அறை அறையாகப் பிரித்து, பஞ்சு வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கல். இன்னொன்று இங்கேயே கிடைக்கிற திறந்தநிலைப் பள்ளிப் புத்தகம். கறுப்பு வெள்ளை. பூமியைப் பற்றி அதில் கொஞ்சம்தான் இருந்தது, தாளும் மளிகைச் சாமான் மடிக்கிற தாள் மாதிரி. ஆனால் அதில் படித்தால் பரீட்சை உண்டு, சர்டிபிகேட் உண்டு. அதைக் காட்டி எந்தப் பள்ளிக்கூடத்திலும் பதினொன்றாம் வகுப்பில் சேரலாம். வெளிநாட்டுப் புத்தகத்துக்கும் ஏதோ தாள் தருவார்களாம். அதை இங்கே எவரும் சீந்த மாட்டார்கள் என்று தம்பி பொண்டாட்டி நாலு இடத்தில் விசாரித்து வந்திருந்தாள்.

நான் தடிப் புத்தகத்தைப் புரட்டினேன். பனி மலை. நெருப்பு கக்குகிற மலை. "ஏட்டி, இதுல நம்ம ஊரு எங்க இருக்கு?" என்று மூத்தவளைக் கேட்டேன்.

"நம்ம ஊரைப் பாக்க எதுக்கு அத்தை புஸ்தகம்? சன்னலைத் திறந்தா போதும்."

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் கை மட்டும் கறுப்பு வெள்ளைப் புத்தகத்தின் மேலேயே இருந்தது. அதைத் திறக்கவில்லை. அட்டை ஓரத்தை நகத்தால் நிமிர்த்தி நிமிர்த்தி விட்டுக்கொண்டிருந்தாள்.

நான் தம்பியிடம் சொல்லிவிட்டேன். படம் போட்ட சரக்கு வேண்டாம், சர்டிபிகேட் உள்ளதை எடு. பெரியவள் அந்தக் கல்லையும் படத்தையும் பொழுதுபோக்காகப் பார்த்துக்கொள்ளட்டும். சின்னவள் வெளியே போகிறதற்கு ஒரு கதவு வேண்டும். இதைக் கேட்டுத் தம்பி பொண்டாட்டி கண்ணைத் துடைத்தாள். நான் அவள் பக்கம் பேசினது அன்றைக்குத்தான் முதல் தடவை. தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பரீட்சைக்கு வேறு ஊரில் போய் உட்கார வேண்டும், செய்முறைப் பரீட்சைக்கு நிற்க வேண்டும், மூத்தவள் அதை நினைத்தே படுத்துவிடுவாள் என்றான். அவள் ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றுதான் என்றான். புருஷனும் பொண்டாட்டியும் அதற்கப்புறம் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். பிறகு ஒரு நாள், கழுகுமலைக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்று தம்பி சொன்னான்.

எங்கள் பக்கம் ஒரு காரியம் இரண்டுபட்டு நின்றால் இதுதான் வழக்கம். சிவப்புப் பூவை ஒரு இலையிலும் வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் மடித்து, நாரால் கட்டி, சாமி முன்னால் வைக்க வேண்டும். எது எதற்கு என்று மனசில் நினைத்துக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும். சம்பந்தம் பேசுவதற்குக் கேட்பார்கள், கிணறு வெட்டக் கேட்பார்கள். பாடப்புத்தகத்துக்கு எவரும் கேட்டதாக நான் அறியேன்.

வேன் பிடித்துப் போனோம். வழியெல்லாம் அறுத்துப் போட்ட கரிசல் காடு, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மூத்தவள் வேனை நிறுத்தச் சொன்னாள். அவளை இறக்குவது பெரிய வேலை என்பதால் சின்னவள் குதித்து ஓடி, காட்டில் குப்புறப் படுத்து, ஒரு வெடிப்புக்குள் கையை விட்டாள்.

"எவ்வளவு ஆழம் போகுது?" மூத்தவள் சன்னல் வழியாகக் கேட்டாள்.

"முழங்கைக்கு மேல போகுது. அதுக்குக் கீழயும் இருக்கு. உள்ள குளுந்து கிடக்குக்கா."

"பாம்பு கெடந்தா மோந்து பாத்துச் சொல்லு."

சின்னவள் கையெல்லாம் கரிசலோடு வந்து ஏறி, அக்காள் உள்ளங்கையில் ஒரு கட்டியை வைத்தாள். விரல் மூடவில்லை. சின்னவளே ஒவ்வொரு விரலாக மடக்கிவிட்டாள்.

கோவிலில் மூத்தவள் வேனிலேயே இருந்துகொண்டாள். அவளோடு அவள் அம்மா. நானும் தம்பியும் சின்னவளும் மட்டும் உள்ளே போனோம். பூக்கடையில் தம்பி சிவப்பு அரளி வாங்கினான். வெள்ளை அரளி தீர்ந்து போயிற்று என்று பூக்காரம்மா மல்லிகையை மடித்துக் கொடுத்தாள். அவனும் வாங்கிக்கொண்டான். வத்தல் கடைக்காரிக்கு மூக்கு செத்திருக்கும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். என் மூக்குக்கே, தம்பி கையில் அந்தப் பொட்டலங்கள் என்னைத் தாண்டிப் போகும்போது எது மல்லி என்று தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவன் கூட்டத்தில் முன்னால் போய்விட்டான்.

சிவப்பு வந்தால் வெளிநாட்டுப் புத்தகம், வெள்ளை வந்தால் சர்டிபிகேட் புத்தகம். எடுக்கிறது சின்னவள். பிள்ளைக் கையால் எடுத்தால்தான் வாக்கு சுத்தமாக இருக்கும் என்று அவளை முன்னால் நிறுத்தினான். கண்ணை மூடிக்கோ என்றான். அவள் கண்ணை மூடிக்கொண்டு, கும்பிடுகிற மாதிரி குனிந்தாள். முகம் அந்த இலைகளுக்குப் பக்கத்தில் போயிற்று. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. மல்லிப் பொட்டலத்தின் மேல் கையை வைத்தாள். அதை ஒதுக்கிவிட்டு மற்றதை எடுத்தாள்.

தம்பி பிரித்தான். சிவப்பு அரளி. கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

வெளிப் பிரகாரத்தில் அவனை நிறுத்தி வைத்து நான் கேட்டேன். "ஏலே, மல்லி மணக்கும்லா. கண்ணை மூடச் சொன்னே, மூக்கையா மூடச் சொன்னே?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. "வாக்கு வந்தாச்சுக்கா" என்றான்.

"சாமி எங்க வாக்கு சொல்லுச்சு? உன் மக சொல்லியிருக்கா."

"யாரு சொன்னா என்ன. விடுக்கா."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அங்கேயே தெரிந்திருக்கிறது. சின்னவள் தூணைப் பிடித்துக்கொண்டு, நெற்றியில் விபூதியோடு நின்றாள். நான் மோந்து பார்க்கவில்லை அத்தை என்று, யாரும் கேட்காமலே சொன்னாள். சொல்லிவிட்டு வேனை நோக்கி நடந்தாள். சிவப்பு வந்துருக்குக்கா என்று அவள் சத்தம் போட்டதும், உள்ளேயிருந்து மூத்தவள் சிரித்த சிரிப்பு எனக்குக் கோவில் வாசல் வரைக்கும் கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு நான் யாரிடம் போய் என்ன நியாயம் பேச. தம்பி பொண்டாட்டி என் முகத்தைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே பார்த்தாள். கோவில்பட்டி வரும்வரை திரும்பவில்லை.

அதிலிருந்து அந்தத் தடிப் புத்தகம்தான் நடக்கிறது. கறுப்பு வெள்ளைப் புத்தகத்தைத் தம்பி பொண்டாட்டி எங்கே வைத்தாளோ தெரியாது. நான் கேட்கவில்லை. பெட்டியிலிருக்கிற கற்களில் பாதியை மூத்தவளால் இப்போது தூக்க முடிவதில்லை. சின்னவள் எடுத்து அவள் கையில் வைத்து, விரலை மடக்கிவிட்டு, பாடத்தை வாசித்துக் காட்டுகிறாள். அக்காள் சொல்லச் சொல்ல இவள் எழுதுகிறாள். போன மழைக்கு மூத்தவள் தானே பேனா பிடித்தாள். இந்த மழைக்கு இல்லை. அடுத்ததை நான் நினைத்துப் பார்ப்பதில்லை.

போன வாரம் மண் பாடம் வந்தது. உன் வீட்டுப் பக்கத்து மண்ணை ஒரு பாட்டிலில் போட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்கு, அசையாமல் வை, மறுநாள் காலையில் மணல் அடியில், வண்டல் அதன் மேல், களிமண் அதற்கும் மேல் என்று அடுக்கடுக்காகப் படிந்திருக்கும், அதைப் பார்த்து வரை என்று போட்டிருக்கிறதாம். சின்னவள் காட்டுக் கரிசலை அள்ளிக்கொண்டு வந்து, பழைய ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டுக் குலுக்கி, சன்னலில் வைத்தாள். மறுநாள் பார்த்தால் அப்படியே வரக்காப்பி மாதிரி நிற்கிறது. அடியில் கொஞ்சம் உட்கார்ந்தது, மிச்சம் தெளியவே இல்லை. அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

கரிசல் மண் லேசில் தெளியாது என்று இந்தப் பக்கத்தில் தண்ணீர் பிடித்துக் குடித்த யாருக்கும் தெரியும். முன்னெல்லாம் ஊருணித் தண்ணீரைத் தெளிய வைக்கத் தேத்தாங்கொட்டையைப் பானையில் உரசுவோம். நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். மூத்தவள் கூடாது என்றுவிட்டாள். புஸ்தகத்தில் அப்படிச் சொல்லவில்லையாம். புஸ்தகத்துப் படத்தையே பார்த்து வரைந்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போங்களேன் என்று அவள் அம்மா சொன்னாள். அதுவும் கூடாது. "பாத்ததைத்தான் வரையணும். பொய் வரையக் கூடாது" என்றாள்.

ஆகையால் பாட்டில் சன்னலில் இருக்கிறது. தினமும் காலையில் மூத்தவள் கட்டிலில் இருந்தபடியே, தெளிஞ்சுருச்சா என்று கேட்கிறாள். சின்னவள் போய்ப் பார்த்துவிட்டு, இன்னும் இல்லக்கா என்கிறாள்.

இன்றைக்குக் காலையில் நான் சன்னல் பக்கம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தெருவில் ஸ்கூல் வேன் வந்து நின்று ஆரன் அடித்தது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் ஏறின. சின்னவள் பென்சிலும் வெள்ளைத் தாளும் வைத்துக்கொண்டு பாட்டிலுக்கு முன்னால் முட்டி போட்டிருந்தாள். பாட்டிலுக்குப் பின்னால் தெருவும் வேனும் மங்கலாகத் தெரிந்திருக்கும். அவள் எதைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. அக்காள் தூங்கிக்கொண்டுதானே இருக்கிறாள், ஒரு கோட்டைப் போட்டு முடித்துவிடு, எத்தனை நாளைக்கு இப்படிப் பார்த்துக்கொண்டே இருப்பாய் என்று மெதுவாகச் சொன்னேன்.

"தெளியும்போது தெளியட்டும் அத்தை. எனக்கு என்ன அவசரம்?" என்றாள்.

வேன் போய்விட்டது. அவள் எழுந்து, வெயில் படாமல் பாட்டிலைக் கொஞ்சம் ஓரமாக, ஆடாமல் நகர்த்தி வைத்தாள். தாளில் ஒன்றும் வரையவில்லை.