நட்பு நாட்டு வால்வு

ஒடீல் கசேல் முப்பத்து மூன்று வருஷம் செயற்கைக்கோள் வேலை பார்த்தாள். ஒரு செயற்கைக்கோளைக்கூடத் தொட்டதில்லை. துலூஸில் எங்கள் ஆலையில் அவளுக்கு இரண்டாம் மாடி, உதிரிபாகப் பிரிவு. மேலே பறக்கப்போகும் ஒவ்வொரு திருகுக்கும் ஒரு தாள் உண்டு, அந்தத் தாளில் அவள் கையெழுத்து விழாமல் எந்தத் திருகும் கட்டடத்துக்குள் நுழையாது. பாகங்களை அவள் எண்களால்தான் அறிவாள். நாலாயிரத்துப் பன்னிரண்டு எப்படியிருக்கிறது என்று சாப்பாட்டுக்கூடத்தில் யாரையாவது விசாரிப்பாள். புதிதாக வந்தவர்கள் சிறைக் கைதியைப் பற்றிக் கேட்கிறாளோ என்று விழிப்பார்கள்.

தாளில் 'எங்கிருந்து' என்று ஒரு கேள்வி. அதற்கு மூன்று கட்டங்கள்: சொந்த நாடு, நட்பு நாடு, மற்றவை. மூன்றாவதில் குறி விழுந்தால் போதும், விசாரணைக்கு மேல் விசாரணை, பாரிஸிலிருந்து ஆள் வந்து நிற்பான். முதல் இரண்டுக்கும் ஒரே மரியாதை. கையெழுத்துப் போடு, அனுப்பு. நண்பனைப் போய்ச் சந்தேகப்படுவதா? அப்படி ஒரு கேள்வி எங்கள் யாருக்குமே தோன்றவில்லை. படித்த மேதைகள் இருநூறு பேர் இருந்த இடம் அது.

எரிபொருள் வால்வு மட்டும் ஃபெர்னான் தெல்மாவிடமிருந்து வந்தது. ஃபிஜாக் என்ற சிற்றூர்ப் பக்கம் பதினைந்து பேர் வைத்துப் பட்டறை நடத்தினார். கட்டைவிரல் அளவு வால்வு. அது ஒழுகினால் மேலே போன செயற்கைக்கோள் வெறும் தகரம். வருஷத்துக்கு மூன்று முறை அவரே காரில் கொண்டுவருவார், கூடவே ஒடீலுக்கு வாத்துக் கறி டப்பா ஒன்றும் ஒரு பை வால்நட்டும். நாங்கள் எளிதில் யாரையும் 'நீ' என்று கூப்பிடுகிறவர்கள் அல்ல. அவர்கள் இருவரும் மூன்றாவது வருகையிலேயே 'நீ'க்கு வந்துவிட்டார்கள்.

"ஒரு தடவ கையில வாங்கிப் பாரேன் ஒடீல். கடிக்காது."

"எனக்கு எதுக்கு அது? பேப்பர் சரியா இருக்கான்னு சொல்லு, போதும்."

"துலூஸ்காரங்க கல்யாணத்துக்குப் போனாலும் பொண்ணப் பாக்க மாட்டீங்க. ரிஜிஸ்டரத்தான் பாப்பீங்க."

அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். பதினைந்து வருஷம் இப்படியே ஓடியது.

தொண்ணூற்று நான்கில் ஓர் அமெரிக்க கம்பெனியும் அதே மாதிரி வால்வு கொடுக்கத் தொடங்கியது. ஃபெர்னான் எட்டு மாதத்தில் கொடுப்பதை அவர்கள் மூன்று மாதத்தில் கொடுத்தார்கள். இயக்குநர் லெஸ்கூர் அவளைக் கூப்பிட்டார்.

"ரெண்டு எடத்துல வாங்கறது எதுக்கு மேடம்? அவங்க என்ன எதிரியா?"

வருஷத்துக்கு நாலு வால்வாவது ஃபெர்னானிடம் வாங்குவோம், பட்டறை உயிரோடு இருக்கட்டும் என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான் காரணம். இனி உங்கள் வால்வு வேண்டாம் என்ற கடிதம் அவள் கையெழுத்தோடு போனது. ஒரு வார்த்தை போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை எண்ணைச் சுழற்றிப் பாதியில் வைத்தாள். அவரும் பேசவில்லை. மறு வருஷம் பட்டறை மூடியதைச் செய்தித்தாளின் உள்பக்கத்தில் படித்துவிட்டு, அன்று மதியம் சாப்பிடாமல் எழுந்து போனாள்.

அப்புறம் இரண்டாயிரத்து மூன்று வந்தது. கடலில் இருக்கும் எங்கள் கப்பல்கள் பேசிக்கொள்வதற்கான செயற்கைக்கோள் ஒன்று கூடத்தில் முக்கால்வாசி முடிந்து நின்றது. குறை பன்னிரண்டு வால்வு. அந்தப் பொருள் அமெரிக்காவை விட்டு வெளியேற அவர்கள் அரசின் அனுமதி வேண்டும். அதுவரை அது ஒரு சடங்கு, ஆறு வாரத்தில் வந்துவிடும். அந்த வசந்தத்தில் அமெரிக்கா தொடங்கிய போர் வேண்டாமென்று பாரிஸ் சொல்லியிருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. திங்கள்தோறும் ஒடீல் கேட்பாள், செவ்வாய்தோறும் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி வரும். வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை அந்த வரியில். கூரு ஏவுதளத்தில் எங்களுக்கென்று ஒதுக்கியிருந்த ராக்கெட்டில் வேறொருவர் ஏறிக்கொண்டார்.

மே கடைசியில் லெஸ்கூரே மாடியேறி வந்தார்.

"மேடம், வாத்து டப்பா கொண்டுவருவாரே ஒரு பெரியவர், அவரு இருக்காரா இன்னும்?"

"தெரியல சார்."

"பாத்துட்டு வாங்களேன். பன்னெண்டே பன்னெண்டு. உங்க பேச்சத் தட்ட மாட்டாரு."

ஒடீலுக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் போனாள். வால்வு கிடைத்தால் பட்டறை மறுபடி திறக்கும், ஒன்பது வருஷமாக நெஞ்சில் கிடப்பதும் நீங்கும் என்று வழியெல்லாம் ஆசைப்பட்டாள். மன்னிப்பு கேட்க ஒரு சாக்கு கிடைத்ததே என்றுகூட நினைத்தாள்.

ஃபெர்னான் வீட்டு முற்றத்தில் புல்வெட்டும் எந்திரம் ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். எழுபதை நெருங்கிவிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க மேடம்."

அந்த 'வாங்க' அவளை அறைந்தது. திட்டுவார் என்று தயாராக வந்தவள், இதற்குத் தயாராக இல்லை. காபி வந்தது. விஷயத்தைச் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"முடியாது மேடம்."

"என் மேல கோவம். எனக்குப் புரியுது. அந்த லெட்டர் போட்டது நான்தான். ஒரு போன்கூடப் பண்ணல. தப்பு, ஃபெர்னான்."

"அட, அத விடுங்க. லெட்டர் யார் போட்டா என்ன, முடிவு மேல இருந்து வந்தது. எனக்குத் தெரியாதா? செய்யறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. சோதனை மேடை இல்ல. வரைபடம் இல்ல. பட்டறையில சோதனை பாத்த ஜோசெத் முப்பது வருஷமா எழுதி வச்ச நோட்டு இல்ல. பட்டறைய மூடுனப்ப மொத்தத்தையும் ஒரே கம்பெனிக்காரங்க எடுத்துக்கிட்டாங்க."

"யாரு?"

"உங்களுக்கு வால்வு விக்கறவங்கதான். மொதல்ல அவங்க சரக்கு ஒழுகிச்சே, ஞாபகம் இருக்கா? அப்புறம் ஒழுகல பாருங்க."

ஞாபகம் இருந்தது. வால்வின் எண்ணுக்குப் பின்னால் 'அ' என்றிருந்தது ஒருநாள் 'ஆ' என்று மாறி வந்தது. திருந்திவிட்டார்களே என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

"அப்போ நாங்க அனுமதிக்குக் காத்துக்கிட்டு நிக்கறது..."

"என் வால்வுக்குத்தான்."

தெருவில் ஒரு டிராக்டர் கடந்து போனது. பிறகு அவர் குரல் மாறியது.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன். வரைபடம் நாட்ட விட்டுப் போகணும்னா உங்க ஆலை சம்மதிக்கணும்னு நம்ம ஒப்பந்தத்துல இருந்துச்சு. கடன்காரங்க அவசரப்படுத்துனாங்க, நான் மனு போட்டேன். ஆனா உள்ளுக்குள்ள நிம்மதியாதான் இருந்தேன். அங்க ஒடீல் இருக்கா, இத விட மாட்டா, நிறுத்திருவான்னு. நாலே நாள்ல சம்மதம் வந்துச்சு. உன் கையெழுத்து. ஏன் போட்ட?"

ஒன்பது வருஷம் கழித்து 'நீ' திரும்பி வந்தது, இப்படி.

"எந்தத் தேதி?" என்றாள்.

"பட்டறைய மூடுன வருஷம், ஜூலை முப்பத்தொண்ணு."

அவளுக்கு ஞாபகம் இல்லை. அதுதான் கொடுமை. ஆகஸ்டு முழுக்க ஊரே விடுமுறை. ஜூலை கடைசி நாளில் மேசையைக் காலி செய்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம், அதில் எங்களுக்குப் பெருமையும் உண்டு. நாற்பது தாளோ ஐம்பதோ இருக்கும். கீழே காரில் குடும்பம் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கும். யாருக்குப் போகிறது என்று பார்த்திருப்பாள், நட்பு நாடு. எதைப் பற்றி என்று பார்க்கவில்லை, எண்தானே இருந்திருக்கும். கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது பாரம் இறங்கின மாதிரி இருந்தது என்றுகூட யாரிடமாவது சொல்லியிருப்பாள்.

"படிக்கல, ஃபெர்னான்," என்றாள். "படிக்காம போட்டுட்டேன்."

அவர் அவளையே பார்த்தார். வேண்டுமென்றே செய்தாள் என்றிருந்தாலாவது ஏதோ காரணம் இருந்தது என்று அவர் மனசு ஆறியிருக்கும். குனிந்து புல்வெட்டியின் திருகைத் தேடத் தொடங்கினார். அவள் மன்னிப்பு கேட்கவில்லை. கேட்கிற அளவு அந்தத் தவறு சின்னதாக இல்லை.

காரில் ஏறி உட்கார்ந்ததும் லெஸ்கூரின் போன்.

"என்ன மேடம், செஞ்சு குடுக்கறாரா?"

"முடியாதாம் சார். வரைபடம் எல்லாம் அமெரிக்காக்காரங்க கையில இருக்கு."

"ஐயையோ! அதையெல்லாம் எவன் சார் தூக்கிக் குடுத்தான்?" பதற்றத்தில் அவளைச் சார் என்றே கூப்பிட்டுவிட்டார்.

"நான்தான் குடுத்தேன்," என்றாள் ஒடீல்.