தெருவை வரிசையாகச் சொல்லிக்கொண்டு நடந்தது

இடது கால் லேசாக இழுபடத் தொடங்கியபோது செருப்பைத்தான் குறை சொன்னேன். பார்கின்சன் என்றார் டாக்டர். ஆரம்பம்தான், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை.

பிசியோதெரபி கொடுத்த மலையாளிப் பெண் என்னை நடந்துகொண்டே யோசிக்கச் சொன்னாள். காய்கறிப் பெயர்கள், டிசம்பரிலிருந்து பின்னோக்கி மாதங்கள். வாய் ஒரு மாதத்தைத் தேடும்போது கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். காலைக் கவனித்தால் மாதம் தொலைந்துபோகும். யாராவது பேச்சுக் கொடுக்கும்போது விழாமலிருக்க, இரண்டையும் சேர்த்தே பழக வேண்டுமாம்.

ஒருநாள், "அம்மா, உங்க தெருவில ஓரோ வீட்டிலயும் ஆரு தாமசிக்கறாங்கன்னு சொல்லிட்டே நடங்க" என்றாள். தாமசிப்பது என்றால் அவள் பாஷையில் குடியிருப்பது.

வலியசாலை அக்ரகாரத்தில் பிறந்து, அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவள் நான். முனை வீட்டில் தொடங்கினேன். பெயர்கள் தாமாக வந்தன. கால் ஒருமுறைகூட ஒட்டவில்லை. எங்கள் வீட்டுக்கு வருமுன் நடைப்பயிற்சி முடிந்துவிட்டது.

"நல்லா நடந்தீங்க. அவங்க எல்லாம் இப்பவும் அங்க தாமசம், அல்லே?"

"ஆமாம்" என்றேன்.

ஆட்டோவில் திரும்பும்போதுதான் உறைத்தது. நான் சொன்னவர்களில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. அந்த வீடுகளில் இப்போது குடியிருப்பவர்கள் தினமும் என்னைப் பார்த்துச் சிரிப்பவர்கள். அவர்களில் ஒருவர் முகமும் நினைவுக்கு வந்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் கணவரோடு தெருவில் நடந்தேன். என்னையறியாமல் வாய் அதே வரிசையைத் தொடங்கிவிட்டது.

"யாரோட பேசிண்டு வரே?"

"ஒவ்வொரு ஆத்துலேயும் யாருன்னு சொல்லிப் பார்க்கறேன்னா."

கொஞ்ச தூரம் கேட்டுக்கொண்டே வந்தார். "அவா யாரும் இப்போ இல்லையே" என்றார் மெல்ல.

"தெரியும். ஆனா கால் போறதே."

நான் தொடர்ந்து சொல்லிக்கொண்டே நடந்தேன். பெயர் சொன்ன வீடுகளுக்குள் யாரோ எழுந்து வாசலுக்கு வருவதுபோல் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் வீடு வந்தது. மாமனார், மாமியார், மைத்துனர் என்று சொல்லி முடித்தேன். அடுத்து வர வேண்டியது என் கணவர் பெயர். கால் அப்படியே நின்றுவிட்டது.

"ஏன் நின்னுட்டே?"

"மறந்துபோச்சு" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

இப்போது குடியிருப்பவர்களின் பெயர்களைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்கிறேன். அந்த வரிசையில் என் கணவர் பெயரும் உண்டு. ஆனால் அவற்றைச் சொன்னால் கால் இழுக்கிறது. இழுக்கட்டும் என்று அவர் தோளைப் பிடித்துக்கொள்கிறேன். வாய் ஓய்ந்திருக்கும்போது பழையவர்கள் முனை வீட்டிலிருந்து வரத் தொடங்குகிறார்கள். கால் தானாக வேகமெடுக்கிறது.